ராத்தா கல்யாணத்துக்கு நான் வைத்த பெயர்

2006 மே 20, சனிக்கிழமை. ஆறரைக்கு ஆப்பம், எட்டுக்குத் துணி துவைப்பு, பத்துக்கு உம்மா கோட்டாறு கடைத்தெருவுக்குப் போனாள். எட்டாம் வகுப்பு முடிந்த விடுமுறை. கம்ப்யூட்டருக்குக் காவல் நான்.

அதை இரண்டு நாளாக அணைக்கவில்லை. அக்காவின் கல்யாணத்துக்கு விடுப்புக் கிடைக்காமல் வாப்பா ஷார்ஜாவிலேயே தங்கிவிட்டார். பெண்கள் பக்கம் ஆண் வீடியோக்காரருக்கு அனுமதியில்லை. மாமிதான் வீடியோ எடுத்தாள். எல்லோரும் பாட்டும் சினிமாவும் பகிர்ந்து இறக்கும் மென்பொருளில் என் அண்ணன் அதை வைத்திருந்தான். வெறும் எண்களைப் பெயராகக் கொடுத்து, அங்கே கம்ப்யூட்டர் வைத்திருந்த வாப்பாவின் அறைத்தோழருக்கு மட்டும் சொல்லியிருந்தான். நாங்கள் அவனைக் காக்கா என்போம், அக்காவை ராத்தா, அப்பாவை வாப்பா.

“பெண்டுவ படமாக்கும். ஒங்க வாப்பா மட்டுந்தான் பாக்கணும், கேட்டியாலே?” என்று உம்மா அவனிடம் மூன்று முறை சொல்லியிருந்தாள்.

பதினொரு மணிக்கு, வாப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த படம் எண்பது சதவீதத்தில் நின்றுவிட்டது. நிறையப் பேரிடம் உள்ள படம் வேகமாக வரும் என்று காக்கா சொன்னது நினைவிருந்தது. அந்த வாரம் வந்த புது சினிமாவின் பெயரை எங்கள் கல்யாணப் படத்துக்கு வைத்தேன். மதியத்துக்குள், அதை இறக்குகிறவர்களின் பட்டியலில் பத்தொன்பது பேர் வந்து நின்றார்கள். பந்திக்குக் கூட்டம் சேர்ந்தது போல எனக்குச் சந்தோஷம்.

ஐந்தரைக்கு வாப்பா போன் செய்தார். “முழுசா வந்துட்டு மக்கா! ரெண்டு தடவ பாத்தாச்சு.” உம்மா அழுதாள். போனை வைத்ததும் நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். காக்கா ஓடிப்போய் மோடம் வயரைப் பிடுங்கினான்.

“ஏட்டி, இவனுவல்லாம் ஆருன்னு தெரியுமா ஒனக்கு?”

“வாப்பாவுக்கு ஒத்தாசைக்கு வந்தவங்க.”

“நிப்பாட்டியாச்சுல்லா?” என்றாள் உம்மா. திரையில் பாதிக்கு மேல் எடுத்தவர்களைக் காக்கா எண்ணினான்: ஆறு பேர். “போனது போனதுதான் உம்மா.”

மறுவீட்டுக்கு வந்திருந்த ராத்தா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாப்பாவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று முடிவானது. எனக்கு அடி விழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கம்ப்யூட்டரைப் போட்டு அந்தப் படத்தை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்து, இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு ராத்தாவிடம் போய், “சுத்தமா போயிட்டு ராத்தா. இனி ஒருத்தனும் பாக்க முடியாது” என்றேன்.

அவள் என்னை இழுத்துத் தன் முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டாள். “சரி மக்கா” என்றாள்.