நாலடி உயரத்தில் ஓர் அறை

எங்கள் தமான் குடியிருப்பில் அந்த வண்டியைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா கோழிக்கூண்டு என்றார். ரொட்டி விற்க வருகிறவர் மோட்டாரை நிறுத்தி, ஐஸ் கச்சாங் கடை போடப்போகிறீர்களா என்று கேட்டார். நான் வைத்த பெயர் சவப்பெட்டி. அதை என் வீட்டுக்காரரின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, "சவப்பெட்டிக்கு யாராவது ரெண்டு ஜன்னல் வப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் பலகையை அளக்கப் போனார்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற மரப்பெட்டி அது. இரண்டு பேர் படுக்கலாம். முன்பக்கம் உருண்டு பின்பக்கம் சரிந்து, பக்கவாட்டில் பார்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் படுத்துக்கிடப்பது போல இருக்கும். பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்பும் குழாயும். வெள்ளைக்காரர்கள் இதைத் தாங்களே செய்துகொண்டு காட்டுக்கும் மலைக்கும் போவதைக் கைப்பேசியில் பார்த்து மனிதர் மயங்கிவிட்டார். கோலா கெத்தில் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மரம் சுத்தமாகத் தெரியாது. முதல் மாதம் அறுத்த பலகைகளை வைத்து அடுத்த வீட்டுக் கோழிகளுக்கு நிஜமாகவே ஒரு கூண்டு அடிக்கலாம் போலிருந்தது.

எல்லாம் எனக்காகத்தான். அதுதான் எனக்கு எரிச்சல்.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இனிப்பு நீர் வியாதி செய்த வேலை. வாரத்தில் மூன்று நாள் போய் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிற வகை இல்லை நான்; வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக வீட்டிலேயே தண்ணீர் மாற்றுகிற வகை. ஒரு நாளைக்கு நான்கு முறை. வயிற்றிலிருக்கும் பழைய தண்ணீர் கீழே வைத்த பைக்கு இறங்கும். அது முடிந்ததும் மேலே கொக்கியில் தொங்கும் பையிலிருந்து புதுத் தண்ணீர் உள்ளே போகும். எந்த மெஷினும் கிடையாது, மேலிருந்து கீழே தானாக ஓடுவதுதான். அரை மணி நேர வேலை என்றாலும் கதவு ஜன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, முகக்கவசம் போட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொடவேண்டும். கொஞ்சம் அழுக்கு உள்ளே போனாலும் வயிறு சீழ் பிடித்துவிடும்.

ஒரு முறை பிடித்தது. பெண்டாங்கில் அவருடைய அக்கா வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தோம். பின்னறையைச் சாத்திக்கொண்டு நான் குழாயைத் திறந்த நேரத்தில் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னம்மா இப்படி வேர்த்து ஊத்துது" என்று காற்றாடியைத் தட்டிவிட்டார். பாசத்தில் செய்ததுதான். இரண்டாம் நாள் என் வயிற்றிலிருந்து இறங்கிய தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்தேன். பிழைத்தது பெரிய விஷயம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் வீட்டை விட்டு வெளியே நான் ஓர் இரவு தங்கவில்லை. கல்யாணம் என்றால் முகத்தைக் காட்டி, சாப்பிட்டு, அடுத்த தண்ணீருக்குள் வீடு திரும்ப வேண்டும். முளையில் கட்டிய ஆடு மாதிரி எனக்கு ஐந்து மணி நேரக் கயிறு. ஆடாவது தனியாகக் கட்டிக்கிடக்கும். நான் அவரையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தேன். நண்பர்கள் மீன் பிடிக்கக் கூப்பிட்டபோதெல்லாம், "முட்டி வலிக்குதுலா" என்று சொல்லி மறுத்துவிடுவார். அந்த முட்டிக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு நாளாவது சலித்துக்கொண்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி மனம் ஆறியிருப்பேன். அவர் சலித்துக்கொள்ளவே இல்லை.

கோத்தா கோலா மூடாவில் ஒரு மீனவரிடம், கிரானோடு, அதாவது பதிவுப் பத்திரத்தோடு, ஒரு பழைய படகு டிரெய்லரை வாங்கி வந்த அன்றுதான் விஷயத்தைச் சொன்னார். "அடுத்தவங்க வீட்ல அறை கேக்க வேணாம். நம்ம அறைய நாமளே இழுத்துக்கிட்டுப் போவோம்."

"நான் வரல" என்றேன்.

"வண்டி முடியட்டும், அப்புறம் சொல்லு."

ஆறு மாதம் ஓடியது. போர்ச்சில் கார் நிறுத்த இடமில்லை, துணி காயப்போட இடமில்லை, சோற்றில்கூட மரத்தூள் வாசம். இரும்புச் சட்டத்தைக் கார் பட்டறையின் சீன முதலாளி, தவுக்கே, பற்றவைத்துக் கொடுத்தார். சக்கரம், அச்சு, விளக்கு எல்லாம் மாற்றி, காகித வேலைக்காக எங்கெங்கோ அலைந்து, கடைசியில் மேலே வெள்ளைச் சாயம் அடித்தார். எனக்கே கொஞ்சம் அழகாகத்தான் தெரிந்தது. அதை நான் சொல்லவில்லை.

முதல் சோதனையைப் போர்ச்சிலேயே வைத்துக்கொண்டோம். மதியத் தண்ணீரை வண்டிக்குள் மாற்றுவது என்று முடிவு. கையைக் கழுவிக்கொண்டு, குனிந்து உள்ளே ஏறி, மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவர் வெளியிலிருந்து கதவைச் சாத்தினார். கூரையில் கொக்கி. பையை மாட்டினேன். பழைய தண்ணீருக்கான பையை என் பக்கத்தில் மெத்தைமேல் வைத்துக் குழாயைத் திறந்தேன்.

தண்ணீர் இறங்கவில்லை. மெத்தையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அதே மெத்தையில் பை கிடக்கிறது. அது எங்கே இறங்கும்? வீட்டில் நான் நாற்காலியில் உட்காருவேன், பை தரையில் இருக்கும். இந்த வண்டியில் படுக்கைதான் தரை, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. படுக்கையை உயர்த்தலாம் என்றால், மொத்த உயரமே நாலடி, தலை இடிக்கும். கால் மணி நேரம் காத்திருந்தேன். ஒரு கிண்ணம்கூடச் சேரவில்லை. கிளிப்பைப் போட்டுக்கொண்டு, இரண்டு பைகளையும் சுமந்துகொண்டு, இறங்கி என் அறைக்கு நடந்தேன்.

அவர் பின்னாலேயே வந்தார். "கதவத் தொறந்து பைய வெளிய தொங்க விட்டா?"

"கதவத் தொறக்கிறதுனா அப்புறம் எதுக்கு அந்தப் பெட்டி?" என்றேன். வாய் அதோடு நிற்கவில்லை. "ஆறு மாசமா எல்லாத்தையும் அளந்தீங்களே, நான் எப்படி உக்காருவேன்னு அளந்தீங்களா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வெள்ளைக்காரன் அந்த வண்டியில் படுப்பான், எழுந்திருப்பான், அவ்வளவுதான். அவன் போட்ட அளவைப் பார்த்து, அரை அங்குலம் பிசகாமல் என் வீட்டுக்காரர் செய்துவிட்டார். தினமும் நான்கு முறை என்னைப் பார்க்கிறவர், நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அவர் வண்டிமேல் தார்ப்பாயைப் போட்டு மூடினார். இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள், யாராவது கேட்டால் விற்றுவிடலாம் என்றார்.

இங்கே ஓர் உண்மையை எழுதவேண்டும். தண்ணீர் இறங்காதபோது என் மனதின் ஒரு மூலையில் சந்தோஷம் இருந்தது. இனி நான் போகவேண்டியதில்லை. வண்டியின்மேல் பழியைப் போட்டுவிட்டு என் அறையில் பத்திரமாக இருக்கலாம். எனக்குக் கோபம் என்று அவர் நினைத்தார். பயம் என்று நான் சொல்லவில்லை.

அவர் கடைக்குப் போயிருந்த நேரம், உள்ளே விட்டுவந்த முகக்கவசப் பெட்டியை எடுக்கத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் போனேன். அன்று பதற்றத்தில் எதையும் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் மூலையே இல்லை. எல்லா மூலைகளையும் இழைத்து உருட்டி, சிலிக்கோன் பூசி, விரலால் தடவினால் எங்கும் தடுக்காதபடி வழவழப்பாக்கி வைத்திருந்தார். கூரையிலும் அப்படியே. ஓர் ஆணித் தலைகூட வெளியே தெரியவில்லை.

நான் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் கிலாங்கில், பத்தொன்பது வருடம் தூசி புகாத அறையில் வேலை செய்தவள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு போட்டு, கண் மட்டும் தெரிய நிற்போம். அந்த அறைக்கு மூலை கிடையாது, மூலையில்தான் தூசி தங்கும் என்று கல்யாணமான புதிதில் ஒரு நாள் சாப்பிடும்போது இவரிடம் சொல்லியிருப்பேன். அவர் மீன் முள்ளில் கவனமாக இருந்தார் என்றுதான் நினைத்திருந்தேன். என்னைக் கேட்கவில்லை என்று சண்டை போட்டேனே, கேட்டுத்தான் இருந்திருக்கிறார். அந்த மெத்தையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அவர் திரும்பி வந்தபோது நான் மெத்தையைச் சுருட்டிவிட்டு, அவருடைய பென்சிலால் தரைப்பலகையில் கதவோரமாக ஒரு சதுரம் போட்டிருந்தேன்.

"இங்க வெட்டுங்க."

"என்னாத்துக்கு?"

"பட்டறையில காடிய ரிப்பேர் பண்ண அடியில நிக்கிறதுக்குக் குழி வெட்டி வச்சிருக்காங்கள்ல? அது மாதிரி எனக்கு ஒண்ணு. நான் படுக்கை ஓரத்துல உக்காந்து, காலக் குழியில தொங்கவிட்டுக்குவேன். பையும் குழியில இருக்கும்."

அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பிறகு அடியிலிருந்தே குரல் வந்தது. "ரெண்டு சட்டத்துக்கு நடுவுல ஒன்றரை அடி இருக்கு. போதுமா?"

போதும் என்றேன்.

ஆறு மாதம் இழைத்த தரையை வெட்ட அவருக்குக் கை வரவில்லை. முதல் வெட்டுக்கு முன் வாளை மூன்று முறை கீழே வைத்தார். இந்த முறை ஒவ்வோர் அளவுக்கும் என்னை உட்காரவைத்து, முட்டியிலிருந்து பாதம் வரை டேப்பைப் பிடித்துப் பார்த்தார். குழிக்கான தகரப் பெட்டியைத் தவுக்கேயே செய்து கொடுத்தார். மெத்தையிலும் அந்த அளவுக்கு வெட்ட வேண்டியிருந்தது. துடைத்தால் சுத்தமாகிற துணியில் அதற்கு உறை தைக்கவேண்டும். யார் தைப்பது என்று நான் யோசிக்கவில்லை. பெண்டாங் அக்காவைக் கூப்பிட்டேன். அந்தக் காற்றாடிக்குப் பிறகு என் கண்ணைப் பார்த்துப் பேசவே கூசிக்கொண்டிருந்தவர், மறுநாளே பஸ் ஏறி, அளவு எடுக்க வந்துவிட்டார். தைத்த உறையை மாட்டும்போது, வண்டிக்குள் ஏறுவதற்கு முன் இரண்டு முறை கை கழுவினார். அவர்மேல் எனக்கு மிச்சமிருந்த வருத்தமும் அன்றோடு போயிற்று.

குழி வந்ததும் வேறொரு தலைவலி வந்தது. அது வண்டிக்கு அடியில் தொங்கியது. சாலையில் பொங்கோல், அதாவது வேகத்தடை மேடு, வந்தால் இடிக்கும். கோலா கெத்திலிலிருந்து கோத்தா கோலா மூடா வரை எத்தனை பொங்கோல் இருக்கின்றன என்று அதற்கு முன் நாங்கள் கவனித்ததே இல்லை. வழியில் கம்பத்துக் கிராமம் ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் அவர் காரை நிறுத்துவார், இறங்குவார், குனிந்து பார்ப்பார், ஏறுவார், நத்தை போல நகர்த்துவார். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களுக்கெல்லாம் கையைக் காட்டினார். ஒரு மணி நேரத்தில் போகவேண்டிய ஊருக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நான் வழியெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குள் ஒப்பந்தம் இருந்தது. ஒரே ஒரு தண்ணீர், மாலைத் தண்ணீர் மட்டும், அங்கே மாற்றிப்பார்ப்பது. இரவு தங்குவதாக நான் வாக்குக் கொடுக்கவில்லை; ஆனாலும் இரவுக்கும் காலைக்கும் சேர்த்தே அவர் பைகளை ஏற்றியிருந்தார். "ஒரு வார்த்த சொல்லு, திருப்பிடறேன்" என்று அவர் சொல்லியிருந்தார். கடற்கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு மலாய்ப் பெரியவர், பாக்சிக், சவுக்கு மரங்களுக்குக் கீழே நிறுத்திக்கொள்ள இடம் கொடுத்தார். என் வீட்டுக்காரர் காரைச் சாலையைப் பார்த்தபடி நிறுத்தினார். வண்டியைக் காரிலிருந்து கழற்றவில்லை.

கை கழுவி உள்ளே ஏறினேன். அவர் கதவைச் சாத்தினார். காலைக் குழிக்குள் விட்டேன், பாதம் தரையில் சரியாகப் படிந்தது. பையை மாட்டி, முகக்கவசத்தைச் சரிசெய்து, குழாயைத் திறந்தேன். தண்ணீர் இறங்கியது. வீட்டில் இறங்குவதைப் போலவே, பேசாமல், நிற்காமல் இறங்கியது. சன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. மூன்று வருடமாக, தண்ணீர் மாற்றும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது என் அறையின் அலமாரிக் கதவை.

வெளியே பாக்சிக் வந்து, இது என்ன வண்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று மலாயில் விசாரிப்பது கேட்டது. கோழிக்கூண்டு, ஐஸ் கச்சாங் கடை, சவப்பெட்டி எல்லாம் ஞாபகம் வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் நிதானமாகச் சொன்னார், "இது என் மனைவியின் அறை." நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குள் மனைவி இருக்கிறாள், கொஞ்ச நேரத்தில் வருவாள் என்றார்.

எங்கள் வீட்டில் நன்றி என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சொன்னால் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பார்ப்பார்கள். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அந்த அரை மணி நேரம், பிளைவுட் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் காவல் நிற்க, நான் அந்த மனிதருக்கு நன்றியோடு உட்கார்ந்திருந்தேன்.

பழைய தண்ணீர்ப் பையைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. எல்லாவற்றையும் மூடிக் கட்டி, கதவைத் திறந்தேன். அவர் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

"வண்டியக் கழட்டி விடுங்க" என்றேன். "காலையில போகலாம்."

அவர் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, காரையும் வண்டியையும் இணைக்கிற கொளுவியோடு வெகுநேரம் மல்லுக்கட்டினார். ரொம்ப இறுகிப்போய்க் கிடக்கிறது என்றார், திரும்பாமலே. அதற்குக் காலையில்தான் கிரீஸ் போட்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.