விதைக்குப் பிடித்த புகை

என் மகளுக்கு அணுமின் நிலையத்தில் பயிற்சி வேலை கிடைத்த அன்று, கொல்லிமலையில் என்னைவிடக் கோபக்காரன் எவனும் இருந்திருக்க மாட்டான். "அது வெடிச்சா எலும்புகூடக் கெடைக்காது, போகாத சாமி" என்று கத்தினேன். கதிர்வீச்சைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டீக்கடையில் கேட்டதுதான். ஆனாலும் சத்தத்துக்குக் குறைவில்லை.

வேலையில் சேர்வதா என்று அவள் பதில் எழுத ஒரு வாரம் இருந்தது. அதற்குள் என் மனைவியின் இருமல் முற்றிவிட்டது. வாசலைக் கூட்டியதற்கே மூச்சு வாங்கினாள். மூவரும் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி இறங்கி, கீழே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எத்தனை வருசமா பீடி குடிக்கறாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "பீடியா? வெத்தலகூடப் போட மாட்டாளுங்க."

"வெறகடுப்புங்களா? பொகை வெளிய போக வழி இருக்குதா?"

தூக்கிவாரிப் போட்டது. வழி இருந்தது. நான்தான் அடைத்தேன். அடுப்புக்கு மேலே விதைக்கான சோளக்கதிரும் ராகிக்கதிரும் தொங்கும்; புகை படிந்தால் வண்டு அண்டாது. புகை வீணாகிறதே என்று சமையலறை ஜன்னலில் தகரம் வைத்து ஆணியடித்தேன். இருபது வருசமாக என் விதையில் வண்டு விழவில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். வண்டை விரட்டும் புகை, மூன்று வேளையும் அங்கேயே உட்கார்ந்திருப்பவளை என்ன செய்யும் என்பது இந்த மண்டையில் ஏறவே இல்லை.

"நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போச்சு. பழையபடி ஆகாது. மிச்சத்தக் காப்பாத்துங்க" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் மகள் மெதுவாகச் சொன்னாள். "அங்கயும் ஆபத்து இருக்குதுங்கப்பா, இல்லீன்னு சொல்லல. ஆனா சட்டையில ஒரு வில்லையக் குத்திவிட்டு, ஒடம்புல கதிர்வீச்சு எவ்வளவு பட்டுதுன்னு அளந்துக்கிட்டே இருப்பாங்களாம். அம்மாவுக்கு யாருங்கப்பா அளந்தாங்க?"

இருமிக்கொண்டிருந்த மனைவியை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். "நீ போ கண்ணு" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையை எடுத்துத் தகரத்தைப் பெயர்த்தேன். வெளிச்சம் உள்ளே விழுந்ததும் பார்த்தால், சுவர் முழுக்கக் கரி. மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டாள்:

"ஏனுங்க, வெதையில வண்டு உழுந்துருமேங்க?"