விபூதிச் சம்புடத்தில் மிஞ்சிய மருந்து

என்னை நல்ல பக்தை என்று சொல்லுகிறவர்களிடம் நான் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு.

திருவனந்தபுரம் கோட்டைக்குள் நாங்கள் குடியிருந்த காலம். எனக்குப் பத்து வயது. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏற, டாக்டர் நிமோனியா என்று சொல்லி, ஏழு நாளைக்குச் சிவப்பும் மஞ்சளுமான காப்ஸ்யூல்களை எழுதிக் கொடுத்தார். ஒரு வேளையும் தவறலாகாது என்றார். பதிகங்களைப் பிழையறச் சொல்லும் பொறுப்பான பெண் என்று பெயரெடுத்திருந்தபடியால், மருந்து என் கையிலேயே விடப்பட்டது.

மூன்றாம் நாள் அப்பா பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அன்று மாலையே காய்ச்சல் இறங்கியது. அதன் பிறகும் மருந்து விழுங்குவது பிள்ளையாரை நம்பாத செயல் என்று தோன்றியது. அது வயிற்றைப் புரட்டியதும் ஒரு காரணம்; அதை நான் எனக்கே ஒப்புக்கொள்ளவில்லை. மிச்சத்தைப் பூஜை அலமாரியில் இருந்த பழைய விபூதிச் சம்புடத்தில் போட்டு மூடினேன்.

அடுத்த வாரம் ஆறு வயதுத் தம்பி இருமத் தொடங்கினான். பிரசாதத்தைத் தனியே உண்ணும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கிள்ளியாவது பகிர வேண்டும். விபூதிச் சம்புடத்தில் கிடந்ததால் அந்த மருந்தும் எனக்குப் பிரசாதமாகிவிட்டிருந்தது. அந்த நியாயப்படி, நாளுக்கு அரைக் காப்ஸ்யூல் பொடியை வெல்லத்தில் பொதிந்து, யாரும் அறியாமல் அவனுக்கு ஊட்டினேன்.

"அக்கா, கசக்கறதே. பிள்ளையார் இதையா திங்கறார்?"

"விபூதி மாத்திரம் தித்திக்கறதா? வாயைத் திற."

பத்தாம் நாள் அவன் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. விலா குழிய மூச்சு வாங்கியது. டாக்டர் எனக்குத் தந்த அதே மருந்தை எழுதப் போனவர், பேனாவை நிறுத்தினார்.

"இதுக்கு முன்பு இந்த மருந்து கொடுத்திட்டுண்டோ?"

"இல்லவே இல்லை டாக்டரே," என்றாள் அம்மா. "இவளுக்கு வாங்கினது இவளோட தீர்ந்து போச்சு. இல்லியாடீ?"

நான் தலையாட்டினேன்.

இரண்டு நாள் அந்த மருந்தே அவனுக்குள் போயிற்று. காய்ச்சல் அசையவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் வேறு ஊசி போட்டார்கள். அதற்குத்தான் நோய் கேட்டது. அதற்குள் வலது நுரையீரலருகே சீழ் கட்டிவிட்டது. குழாய் வைத்து எடுத்தார்கள். நான் பூஜையறையை விட்டு எழாமல் பதிகம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இவ சொன்ன பதிகமாக்கும் கொழந்தையைக் காப்பாத்தித்து," என்று அத்தை ஊரெல்லாம் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

பொய் சொன்னது பாவம் என்பது மட்டுமே அன்று தெரிந்திருந்தது. நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட்டு, அது தீர்ந்தது என்றிருந்தேன். கிள்ளிக் கொடுத்த மருந்து எளிய கிருமிகளை அழித்து, அதைத் தாங்கவல்ல கிருமிகளுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும் என்பது தெரியாது. தம்பிக்குள் நடந்தது அதுதானா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. அந்த ஐயத்தின் நிழலில் ஒதுங்கி நிற்பதும் வெட்கமாகவே இருக்கிறது.

தம்பி இன்றும் சந்நிதியில் பதிகம் சொல்லுவான். மூன்றாம் அடியில் மூச்சு முட்டி நின்றுவிடுவான். பக்தியில் குரல் தழுதழுக்கிறது என்று அருகில் நிற்பவர்கள் கைகூப்புவார்கள். அவன் விட்ட இடத்திலிருந்து எடுத்து, பிழையறச் சொல்லி முடிப்பவள் நான்.