அற்புதசாமியின் ஒன்று

பாலக்கரை அற்புதசாமி எங்கள் வால்வு கம்பெனியில் இருபத்தாறு வருடமாக ஸ்டோர்கீப்பர். சாமான் தீர்ந்துபோனால் புத்தகத்தில் பூஜ்யம் போடமாட்டார். வீட்டில் அரிசி தீர்ந்தால் ‘இல்லை’ என்னாமல் ‘நிறைஞ்சிருக்கு’ என்று சொல்லும் குடும்பம். அதே வழக்கத்தில் இங்கேயும் ‘1’ என்று எழுதிவைப்பார். ஞாயிறு பூசை தவறாத மனிதர், சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் இதை மட்டும் சொன்னதில்லை. பொய் என்று தோன்றினால்தானே! எங்களுக்கும் பழகிவிட்டது. ஒன்று என்று கண்டால் ஸ்டோர்ஸ் பக்கமே போகமாட்டோம்.

போன வருடம் ஒரு ஜெர்மன் கம்பெனி எங்களை வாங்கியது. ஆறு நாட்டுத் தொழிற்சாலைகளின் சரக்கையும் ஒரே சாஃப்ட்வேரில் கோத்தார்கள். சென்னையிலிருந்து வந்த அனுபமா சொல்லிக்கொடுக்க, அற்புதசாமி புத்தகத்தில் இருந்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் ஏற்றினார். இருப்பு தப்பானால் ஸ்டோர்ஸ் சாவி கைமாறும் என்று மேனேஜர் ஜெய்சங்கர் அப்போதே மிரட்டியிருந்தார். யாரையாவது மிரட்டாமல் அவருக்குக் காபி இறங்காது.

மூன்றாம் வாரம் பிரேசிலில் ஒரு பாய்லர் நின்றது. அதற்கு வேண்டிய வால்வுத் தண்டு உலகத்திலேயே திருச்சியில் மட்டும் இருப்பதாகத் திரை சொன்னது: ஒன்று. ஜெய்சங்கர் வீடியோவில் மார்தட்டி, மாலைக்குள் விமானம் ஏற்றுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

அற்புதசாமி காலி அலமாரி முன் நின்றார். எடுக்கும்போது உடைந்துவிட்டது என்று சொல்லலாம். பேக்கிங் மூக்கன் தலையில் பழி விழும். அதற்கு மனம் வரவில்லை. வியர்த்து விறுவிறுத்து மேனேஜர் அறைக்குப் போனார். கையெழுத்து வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன்.

“ஒண்ணுன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தங்க” என்றார்.

ஜெய்சங்கரின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு, மாதா மன்னிக்கட்டும், பரம திருப்தி. பிரேசிலிடம் மன்னிப்புக் கேட்டு, லேத் தர்மராஜைக் கொண்டு புதிதாகச் செய்து நான்கு நாளில் அனுப்புவதாக முடிவானது. அடுத்து ஜெய்சங்கர் சாவியைக் கேட்டார். அற்புதசாமி இடுப்பிலிருந்து அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.  

அறையில் கணினி முன் இருந்த அனுபமா திரையைத் துழாவி, இப்படி ஒன்று என்று போட்ட சாமான்கள் நானூற்றுப் பன்னிரண்டு என்றாள். அற்புதசாமி பக்கம் திரும்பிக் கேட்டாள்:

“இதுல நிஜமாவே ஒண்ணு இருக்கறது எத்தனை சார்?”

அற்புதசாமி கண்ணை மூடி யோசித்தார்.

“ஒண்ணுங்க” என்றார்.

இந்த ஒன்று நிஜ ஒன்றா பூஜ்யமா என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது மேனேஜருக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு சாவியை அவர் பக்கமாகத் தள்ளிவிட்டார்.