கேமரா அண்ணியின் கண்ணில் மண்

என் கணவரின் அக்காவுக்கு எங்கள் குடும்பத்தில் வைத்த பெயர் கேமரா. நேரில் நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவள் கேமராதான். அது அவளுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்தால்தானே?

துணி முதல் சோப்பு வரை விற்கும் பெரிய கடை ஒன்றில் திருடர்களைப் பிடிப்பது அண்ணியின் வேலை. பாதி நாள் பின்கட்டு அறையில் சுவர் நிறைய இருக்கும் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மீதி நாள் கையில் கூடையோடு, ஏதோ வாங்க வந்தவள் மாதிரி கடைக்குள் சுற்றுவாள். மழையில்லாத நாளில் குடையோடு வருபவன், சட்டையில் பொய்க்கை ஒன்றைத் தைத்துக்கொண்டு நிஜக் கையை உள்ளே ஒளிப்பவன், தள்ளுவண்டியில் பிள்ளைக்குப் பதில் பால் பவுடர் டப்பாவைப் படுக்க வைப்பவள் என்று எல்லோரும் அவளிடம் மாட்டியிருக்கிறார்கள். "வாங்க வர்றவங்க சாமானைப் பார்ப்பாங்க. திருட வர்றவன் ஆளைப் பார்ப்பான்" என்பது அவள் பாடம். கையும் களவுமாக, அதுவும் வாசலைத் தாண்டிய பிறகுதான் தொடுவாள். அவசரப்பட்டுப் பாதியில் தொட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டிவரும். யாரிடமும் மன்னிப்பே கேட்டதில்லை என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பார்த்த கண் மட்டும் வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? துவைக்கிற சாக்கில் சட்டைப் பைகளைத் துழாவுவாள். சார்ஜ் போடுகிற சாக்கில் கணவரின் போனைப் பார்ப்பாள். நான் அவள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். என் குப்பைக்கூடையில் என்ன கிடக்கிறது என்பது என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். சாது. அந்நியர்களோடு லிஃப்டில் ஏறிவிட்ட ஆள் மாதிரி, வீட்டிலும் வாயைத் திறக்காமல் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது பூட்டுப்போட்ட ஒரே ஒரு டிராயர். வேலைச் சாமான்கள் அதில் இருக்கும். சாவி அவர் இடுப்பு வாரிலேயே தொங்கும். அண்ணியின் கண் படாத இடம் அது ஒன்றுதான் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் மாடிப்படியில் வழிமறித்து என்னைத் தன் வீட்டுக்குள் இழுத்துப்போனாள்.

"வீட்ல சாமான் காணாமப் போகுது" என்றாள்.

"என்ன சாமான், அண்ணி?"

"ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த மீன் காந்தம். தையல்பெட்டியில இருந்த நல்ல பித்தான். பழைய சாவிக்கொத்தோட பொம்மை."

"இதையெல்லாமா ஒருத்தன் திருடுவான்?"

"அது மட்டும் இல்ல. புதுசா சாமான் வருது. இங்க பாரு." மேஜைமேல் பரப்பினாள். பிளாஸ்டிக் தவளை ஒன்று, எந்த நாட்டுடையதோ தெரியாத நாணயம் ஒன்று, சிவப்பு நிற ஹேர்பின் ஒன்று. எல்லாம் அண்ணனின் சட்டைப் பையிலிருந்து வந்தவை. ஒன்று போனால் ஒன்று வந்திருக்கிறது. எந்தத் திருடன் இப்படிக் கணக்கை நேர் செய்வான்? அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

ஹேர்பின்னைத் தனியே எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஞாயித்துக்கிழமையானா கிளம்பிடறார். திரும்பி வரும்போது முழங்காலெல்லாம் மண்ணு. போனை வீட்லயே வச்சுட்டுப் போறார்."

"மறந்திருப்பார்."

"ஒரு தடவை மறந்தா மறதி. ஒவ்வொரு தடவையும் மறந்தா? அவர்கிட்ட இன்னொரு போன் இருக்கு. தடியா, மஞ்சளும் கறுப்புமா, மேல கட்டைவிரல் மாதிரி ஏரியல் வச்சு. டிராயருக்குள்ளதான் ஒளிச்சு வச்சிருக்கார்."

"டிராயர் பூட்டித்தானே இருக்கும்? உங்களுக்கு எப்படி…"

"டீ ஆறுது. குடி."

குடித்தேன். ஆனால் அந்தச் சந்தேகம் என் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

"பொம்பளை விவகாரம்னு தெரிஞ்சா, அன்னிக்குச் சாயங்காலம் அவர் இந்த வீட்ல இருக்க மாட்டார்" என்றாள். வாய்ப்பேச்சு இல்லை. கதவோரம், செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு பை தயாராக இருந்தது. உள்ளே அவர் சட்டைகளை இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. பிள்ளைகள் வேறு ஊருக்குப் போய்விட்ட வீடு அது. இவர்கள் இருவரும் பிரிந்தால் ஆளுக்கொரு மூலையில் அநாதையாகத்தான் கிடப்பார்கள்.

"நேரா கேட்டுடுங்களேன், அண்ணி."

"பாதியில தொடக் கூடாது" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பின்னால் போனோம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டுதான் போனேன். அண்ணன் உள்ளங்கையில் அந்த மஞ்சள் கருவியை வைத்துப் பார்த்தபடி நடந்தார். நின்றார். திரும்பினார். நாலடி போய் மறுபடி திரும்பினார். கடைசியில் நீல நிற கேட் போட்ட ஒரு சின்ன வீட்டின் முன்னால் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்தார். ஒரு கை மட்டும் பூந்தொட்டிக்கு அடியில் போயிற்று.

"செருப்புக்கு ஏது லேஸ்?" என்று அண்ணி பல்லைக் கடித்தாள். நிறுத்தியிருந்த ஒரு வேனுக்குப் பின்னால் நாங்கள் ஒளிந்திருந்தோம்.

கதவு திறந்தது. கசங்கிய நர்ஸ் உடுப்போடு ஒரு பெண் வெளியே வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அண்ணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்த இடம் சாயங்காலம்வரை வலித்தது.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் கையில் துடைப்பக்கட்டை இருப்பதைப் பார்த்தோம்.

"வாரா வாரம் வர்றியாடா? டூட்டி முடிஞ்சு வந்து கண்ணை மூடினா போதும், கேட்டைத் தடவறான்! தனியா இருக்கற பொம்பளைன்னு நோட்டம் பாக்கறியா?"

எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து அண்ணனின் காலரைப் பிடித்தார். கூட்டம் கூடியது. அண்ணன் திருதிருவென்று விழித்தார். அதோடு விட்டாரா? கருவியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். யாரோ, "கையில என்னமோ மிஷின் வச்சிருக்கான்!" என்று கத்த, கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

"இங்க என்னய்யா பண்றே?"

"பெட்டி தேடறேன்" என்றார் அண்ணன்.

"என்ன பெட்டி? நகைப் பெட்டியா?"

போலீசுக்குப் போன் பண்ணுங்கள் என்று ஒரு குரல் கேட்டது. நான் அண்ணியைப் பார்த்தேன். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பெண் விவகாரமோ இல்லையோ, ஆள் கையும் களவுமாக நிற்கிறார். பேசாமல் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவாளோ என்று ஒரு கணம் நிஜமாகவே பயந்தேன்.

அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"காலரை விடுங்க. அவர் என் வீட்டுக்காரர்."

அண்ணனின் முகம் பேயறைந்தது போல ஆயிற்று. போலீஸ் என்றதற்குக்கூட அவர் அப்படிப் பயப்படவில்லை.

"திருடனைப் பிடிக்கிறதுதான் என் வேலை. இவர் திருடன் இல்ல. திருட வந்தவன் ஆளைப் பார்ப்பான். இவர் தரையைத்தான் பார்த்தார்" என்றாள் அண்ணி.

நர்ஸ் துடைப்பத்தை இறக்கவில்லை. "அப்ப என் பூந்தொட்டிக்கு அடியில என்ன தேடறார்?"

"அதுதான் எனக்கும் தெரியல. இருங்க, கேட்டுச் சொல்றேன்."

அந்த வீட்டு வாசற்படியிலேயே விசாரணை நடந்தது. அண்ணன் தன் வாழ்நாளில் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அது போன் இல்லையாம், ஜி.பி.எஸ். கருவியாம். வானத்திலிருக்கும் செயற்கைக்கோள்களைக் கேட்டு, நாம் நிற்கும் இடத்தை எண்களில் சொல்லுமாம். ஊருக்கு ஊர் சில பேர் சின்னப் பெட்டிகளை ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார்களாம். மற்றவர்கள் கருவியோடு போய்த் தேட வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு சாமானை எடுத்தால் பதிலுக்கு ஒரு சாமான் வைக்க வேண்டும். தேடுவதை வழிப்போக்கர்கள் பார்த்துவிடக் கூடாது. இவர் கருவியைப் பழசாக வாங்கியிருக்கிறார். முன்பு வைத்திருந்தவர் பதிந்துவைத்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துவிட்டார். தவளையும் ஹேர்பின்னும் அப்படி வந்தவை. அவரே இணையத்திலிருந்து எண்களை ஒரு தாளில் எழுதிவந்து, கருவியில் போட்டுத் தேடிய முதல் பெட்டி இதுதான்.

"தாளைக் காட்டுங்க" என்றாள் அண்ணி. விலைச்சீட்டுகளைப் பார்த்துப் பழகிய கண்ணால் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "தாள்ல டிகிரி, நிமிஷம், அப்புறம் ஒரு புள்ளி வச்சு நிமிஷத்தோட மிச்சம் போட்டிருக்கு. உங்க மிஷின்ல விநாடின்னு தனியா ஒரு கட்டம் இருக்கு. புள்ளிக்குப் பின்னால இருந்த நம்பரைத் தூக்கி விநாடியில போட்டிருக்கீங்க."

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் செய்கிற தப்பாம் அது. எண்களைப் போடும் முறையை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாததால் கருவி அவரை நாலைந்து தெரு தள்ளி, ஒரு பாவமும் அறியாத நர்ஸ் வீட்டுக்கு வாரா வாரம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

"இனிமே இந்தப் பக்கம் வந்தா பெல் அடிச்சுட்டு வாங்க" என்று சொல்லி நர்ஸ் தூங்கப் போனாள்.

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கதவோரம் இருந்த பையைப் பார்த்தார்.

"யார் ஊருக்குப் போறா?"

அவர் ஜிப்பைத் திறந்தார். தன் சட்டைகளைப் பார்த்தார். மெதுவாக மூடினார்.

"என் டிராயரைத் திறந்தா, நான் வச்ச மாதிரி ஒண்ணும் இருக்கறதில்ல" என்றார். "ஸ்க்ரூ டிரைவரெல்லாம் திரும்பிக் கிடக்கும். யாருன்னு ஒரு நாளாவது கேட்டேனா? இந்த வீட்ல எனக்கு ஒண்ணை ஒளிச்சு வைக்க இடமில்ல. அதான் வெளில ஒளிச்சு வைக்கிறவங்களோட போய்ச் சேர்ந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணி பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் களைத்துப்போய்ச் சொன்னார். எனக்கே கண் கலங்கிவிட்டது. கருவியை டிராயரில் வைக்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல மேஜையில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பையை மட்டும் அவரும் பிரிக்கவில்லை, அவளும் பிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கும் போகவில்லை. கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அண்ணி சட்டைப் பைகளைத் துழாவவில்லை. போனைத் தொடவில்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் துடைத்த அடுப்பையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

அவளுக்கு விடுமுறை வந்த நாளில் என்னைக் கூப்பிட்டாள். கையில் அந்த மஞ்சள் கருவி. எண்களைச் சரியாகப் போட்டிருந்தாள். திரையில் ஓர் அம்புக்குறி வழி காட்ட, பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு பழைய கல்சுவருக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே போனதும் அம்புக்குறி நிலையில்லாமல் சுற்ற ஆரம்பித்தது. கருவி பக்கத்தில் கொண்டுவந்து விடும், அவ்வளவுதான். அதற்குமேல் கண்ணும் கையும்தான்.

அண்ணி திணறினாள். இத்தனை வருடம் ஆட்களைப் பார்த்தவள், கல்லைப் பார்த்துப் பழகவில்லை. கடைசியில் முழங்காலிட்டு ஒவ்வொரு சந்தாக விரலை விட்டாள். டிப்போ காவலாளி வந்து, "என்னம்மா தேடறீங்க?" என்றார்.

"கம்மல் விழுந்துடுச்சு" என்றாள் அண்ணி, கண்ணிமைக்காமல். இரண்டு காதிலும் கம்மல் மின்னியது. காவலாளி பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அண்ணியின் பார்வைதான் அது.

அவர் போன பிறகு, ஆடிக்கொண்டிருந்த ஒரு கல்லுக்குப் பின்னால் பெட்டி அகப்பட்டது. டேப் சுற்றிய பழைய டிபன் பாக்ஸ். அண்ணி மூடியைத் திறந்து, ஒரு ஊதலை எடுத்துக்கொண்டாள்.

"திரும்பிக்கோ" என்றாள்.

"எதுக்கு?"

"நான் வைக்கிறதை நீ பார்க்கக் கூடாது."

உலகத்துப் பைகளையெல்லாம் திறந்து பார்த்தவள் என்னைத் திரும்பிக்கொள்ளச் சொல்கிறாள்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கு அந்த ஊதலை அண்ணனின் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "அந்தப் பெட்டி இருக்கற இடம் வேற. மிஷினைச் சரி பண்ணி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் அவள் புடவையின் முழங்கால் மண்ணைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பிப் போனார். நான் ஏதோ சாக்கு சொல்லி அண்ணி வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டேன். அதற்குள் வேறு யாராவது அந்தப் பெட்டியைத் திறந்து, தான் வைத்ததை எடுத்திருப்பார்களோ என்று அண்ணி ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். திரும்பி வந்த அண்ணன் நேராக டிராயரிடம் போனார். கையிலிருந்த சின்னச் சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்பினார். டிராயர் திறந்தது. அவருடைய சாவி இடுப்பில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

மன்னிப்பே கேட்டறியாத அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் சாவியை மேஜையில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

அவர் அவளையே பார்த்தார். இத்தனை காலம் அவள் அவரைப் பார்த்த அதே பார்வை. அண்ணியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சமையலறைக்குள் போனாள். டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. டீத்தூள் ஒட்டிய இன்னொரு சாவியைக் கொண்டுவந்து முதல் சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மஞ்சள் கருவியை அவள் பக்கம் தள்ளினார்.

"இதை எங்கயாவது நீயே ஒளிச்சு வச்சுட்டு வா. நான் தேடிக்கறேன்."

அண்ணி கதவோரம் போய் அந்தப் பையைத் தூக்கிவந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். மூன்றாவது சாவி ஒன்று இருக்கிறது என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். நான் கேட்கவில்லை.