அப்பளத் தொடர் கப்பல் ஏறிய கதை

இரும்புலியூர் அமலராணி, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இருக்கும் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அவள் கணவன் ஜேசன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்தான் இருப்பான். வீட்டில் இருக்கிற நாட்களில் ஏழு மணி ஆனால் போதும், இரண்டு பேரும் காபி டம்ளரோடு ஒரு தொடரைப் பார்க்க டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அப்பளக் கம்பெனி நடத்துகிற இரண்டு ஓர்ப்படிகளின் கதை அது. பெரிய சேனல் இல்லை. இணையத்திலும் துண்டு துண்டாகத்தான் போடுவார்கள். ஜேசன் கடைசியாகக் கப்பல் ஏறப் போன நேரம், அந்த அப்பளக் கம்பெனியின் கைப்பக்குவத்தை யாரோ திருடி எதிரிக் கம்பெனிக்குக் கொடுத்திருந்தார்கள். சூட்கேஸை மூடும்போதுகூட அவன் அதைப் பற்றித்தான் கவலைப்பட்டான்.

அமலராணி ஒரு முடிவு செய்தாள். தொடரைப் பதிவு செய்து கப்பலுக்கே அனுப்பிவிடுவது. அவன் கப்பலில் போய்ச் சேர ஆட்கள் அவ்வப்போது சென்னையிலிருந்து கிளம்புவார்கள். அவர்களிடம் ஊறுகாய் கொடுத்தனுப்புவது வழக்கம். ஊறுகாயோடு ஒரு பென் டிரைவ் போகக்கூடாதா?

செட்டாப் பாக்ஸில் பென் டிரைவைச் சொருகினால் அதுவே பதிவு செய்தது. எவ்வளவு சுலபம் என்று சந்தோஷப்பட்டு, பக்கத்து வீட்டு அருள்மேரியின் டிவியில் போட்டுப் பார்த்தாள். ஓடவில்லை. அந்தப் பெட்டியில் பதிவானது அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடுமாம். மறுநாள் கம்பெனியில் குணாவிடம் கேட்டாள். வாசல், கிடங்கு, கேன்டீன் என்று எல்லா இடத்துக் கண்காணிப்புக் கேமராக்களையும் பார்த்துக்கொள்பவன் அவன். டிவி ஒயரை மடிக்கணினியில் கோர்த்துவிட ஒரு சின்னக் கருவி இருக்கிறது என்று அவன்தான் சொன்னான். வாங்கி மாட்டினாள். மகள் ஏஞ்சல் கல்யாணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன மடிக்கணினி அதற்கு உதவியது.

பதிவு அருமையாக வந்தது. ஆனால் ஒரே வாரத்துத் தொடர் பென் டிரைவை நிரப்பிவிட்டது. திரும்பவும் குணாவிடம் போனாள்.

"இது எங்களுக்குத் தெனம் கீற பேஜாருக்கா," என்றான் குணா. "கேமரா ராவும் பகலும் ஓடிக்கினே கீது. சுருக்கலைன்னா எங்க வைக்கிறது? எச்.265ன்னு வீடியோவைச் சுருக்குற வழி ஒண்ணு கீது. பாதி எடம்தான் புடிக்கும். ஆனா ஒண்ணு, பொடவை மடிக்கிற மாதிரி. புதுசா ஒரு மடிப்பு மடிச்சா, பிரிக்கிறவங்களுக்கும் அது தெரிஞ்சிருக்கணும். கப்பல்ல இன்னா டிவி?"

வெளிநாட்டுக் கப்பல், நல்ல டிவியாகத்தான் இருக்கும் என்று அமலராணி அடித்துச் சொன்னாள். அவளுடைய புது டிவியில் போட்டுப் பார்த்தாள், கண்ணாடி மாதிரி ஓடியது. விளம்பரங்களை வெட்டி எடுத்தாள். ஒரு மாதத்துத் தொடர் முழுவதும் விரல் நீளப் பென் டிரைவில் அடங்கியதைப் பார்த்து அவளுக்கே பெருமையாக இருந்தது. சிங்கப்பூரில் கப்பல் ஏறப்போன பெருங்களத்தூர் டேனியலிடம் எலுமிச்சை ஊறுகாயோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினாள்.

பத்து நாள் கழித்து ஜேசன் கூப்பிட்டான்.

"அமலா, படம் வரல. சத்தம் மட்டும்தான் வருது."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை சாயங்காலம் உட்கார்ந்து வெட்டி ஒட்டியது. டிவி என்ன மாடல் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் ஜேசன் சிரித்துக்கொண்டிருந்தான். "நீ வருத்தப்படாத. இங்க நடக்கிற கூத்தைக் கேளு," என்றான்.

கப்பலின் சாப்பாட்டு அறையில் இருந்தது ஓர் அரதப்பழசு டிவி. படம் வராவிட்டால் போகிறது என்று அவன் சத்தத்தை மட்டும் வைத்துக் கேட்டுக்கொண்டே சப்பாத்திக்கு மாவு பிசைந்திருக்கிறான். கப்பலின் மேல்தளத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவரான பிலிப்பைன்ஸ்காரர் ரமோன் உள்ளே வந்து, கறுப்புத் திரைக்குள்ளிருந்து ஒரு பெண் இந்த அழுகை அழுகிறாளே, என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். ஜேசன் கதையைச் சொல்லியிருக்கிறான். மறுநாள் அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த நாள் ருமேனியாக்காரரான இரண்டாம் என்ஜினீயர் மிர்ச்சாவும் வந்து உட்கார்ந்தார். இந்தியில் மிர்ச்சி என்றால் மிளகாய், அதனால் ஜேசன் அவரை மிளகாய் சார் என்றுதான் சொல்வான். திரை இருட்டாகவே இருக்கும், ஜேசன் நடுநடுவே நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொல்வான், எல்லோரும் கைப்பக்குவத்தைத் திருடியது யார் என்று சண்டை போடுவார்கள். மாமியாரின் தங்கை கோமளவல்லி என்று ஒரு பாத்திரம். கரகரத்த குரல். அவள் ஆறடி உயரம், மல்யுத்தக்காரி மாதிரி உடம்பு என்று ரமோன் முடிவே கட்டிவிட்டாராம்.

அமலராணிக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்தது. அடுத்த முறை படத்தோடு அனுப்புவதாகச் சொன்னாள்.

குணாவும் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. பழைய எச்.264இல் போடச் சொன்னான். இடம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் பெரும்பாலான டிவிகளுக்கு அந்த மடிப்பைப் பிரிக்கத் தெரியும். இந்த முறை அமலராணி ஜாக்கிரதையாக இருந்தாள். அருள்மேரி வீட்டு டிவிதான் அந்தத் தெருவிலேயே வயதானது. பக்கத்தில் தட்டினால்தான் அதற்கு உயிர் வரும். அதில் ஓடினால் உலகத்தில் எதிலும் ஓடும் என்று கணக்குப் போட்டாள். ஒவ்வொரு நாள் தொடரையும் அங்கே எடுத்துப்போய்ச் சோதித்தாள். அருள்மேரிக்கு இதில் பரம சந்தோஷம். நேற்று பார்த்ததையே இன்றும் பார்த்து, நேற்று திட்டிய ஆட்களையே இன்றும் திட்டினாள்.

இரண்டாவது பென் டிரைவ் போய்ச் சேர்ந்த அன்று கப்பலில் ஏக அமளியாம். திரையில் கோமளவல்லி வந்து நின்றாள். ஒல்லியாக, குள்ளமாக, மூக்குக்கண்ணாடியோடு ஒரு பெண்மணி. கரகரத்த அந்தக் குரல் அவள் வாயிலிருந்து வந்ததும் ரமோன் எழுந்தே நின்றுவிட்டார். ஆளை மாற்றிவிட்டார்கள் என்று சாதித்தார். அவரைச் சமாதானப்படுத்திவிட்டுத்தான் ஜேசனால் மேலே கதை சொல்ல முடிந்தது.

அந்தப் பென் டிரைவில் ஒரு நாள் விளம்பரத்தை வெட்ட அமலராணி மறந்துபோயிருந்தாள். அதுதான் எல்லாருக்கும் ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு நகைக்கடை விளம்பரத்தில் குடும்பமே படிக்கட்டில் ஆடிக்கொண்டு இறங்கும். அந்தப் பாட்டைக் கப்பலில் பெயின்ட் அடிக்கிறவர்கள்கூடப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். இனிமேல் விளம்பரத்தோடு அனுப்பச் சொல்லி ஜேசன் மூலம் கோரிக்கை வந்தது.

விளம்பரமும் சேர்ந்தால், பழைய முறையில் இடம் போதாது. குணா ஒருநாள் கேன்டீனில் அவள் மடிக்கணினியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, கேபிள்ல வர்றதே சின்னப் படம். நீங்க அத்த இழுத்துப் பெருசாக்கி, அப்பால சுருக்கிக்கினு கீறீங்க. வர்ற சைஸ்லயே வுட்டுடுங்க." அவள் அப்படியே செய்தாள். அருள்மேரி வீட்டு டிவியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இடம் மட்டும் தாராளமாக மிஞ்சியது. மிஞ்சிய இடத்தில் ஒரு சமையல் நிகழ்ச்சியையும் போட்டு அனுப்பினாள்.

இப்படியே நான்கைந்து பென் டிரைவ் போயிருக்கும். ஒருநாள் ஜேசன் கூப்பிட்டு, கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறது, ஒரு நாள் நிற்கும், அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன் என்றான். ரமோனும் மிளகாய் சாரும் கூட வருவதாகச் சொன்னான். அமலராணி லீவு போட்டாள். கோவளத்திலிருந்து வஞ்சிரம் வரவழைத்தாள். அருள்மேரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நேரத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் வரும்போது அந்த நகைக்கடையின் பெரிய விளம்பரப் பலகையைப் பார்த்து ரமோன் வேனை நிறுத்தச் சொன்னாராம். அவரும் மிர்ச்சாவும் இறங்கி அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் வந்ததும் மிர்ச்சா கைகூப்பி, பழகி வைத்திருந்த தமிழில், "வணக்கம் அண்ணி, கோமளவல்லி நல்லாயிருக்காங்களா?" என்று கேட்டார். அது தொடரில் அடிக்கடி வரும் வசனம். அமலராணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சாப்பாடு முடிந்தது. ஏழு மணி ஆயிற்று. அருள்மேரி ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டாள். இரண்டு நொடிகூட ஓடியிருக்காது, ரமோன் பதறிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். கப்பலில் அவர்கள் பார்த்திருந்தது முப்பது நாற்பது நாளுக்கு முந்தைய கதை வரைக்கும்தான். இன்றையதைப் பார்த்துவிட்டால் திருடன் யார் என்று தெரிந்துபோகும். வேண்டவே வேண்டாம், விட்ட இடத்திலிருந்து வரிசையாகத்தான் பார்ப்போம் என்றார். மிர்ச்சாவும் தலையாட்டினார். ஜேசனைக் கேட்கவே வேண்டாம்.

அமலராணி இன்றைய தொடரைத் தன்பாட்டுக்குப் பதிவாக விட்டுவிட்டு, அவர்கள் விட்ட இடத்திலிருந்து பழையதைப் போட்டாள். அவள் பார்த்ததுதான். வெட்டி, ஒட்டி, சுருக்கி, சோதித்து, வசனம் மொத்தமும் மனப்பாடம். ஆனாலும் பக்கத்தில் ஜேசன் உட்கார்ந்து பார்ப்பது எத்தனை மாதத்துக்குப் பிறகு. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். திரையைப் பார்த்ததைவிட அவன் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள்.

நகைக்கடை விளம்பரம் வந்தபோது மூன்று ஆண்களும் சேர்ந்து பாடினார்கள். முடிவு தெரிந்த அருள்மேரி மட்டும் இருப்புக்கொள்ளாமல் தவித்தாள். ஓர் இடத்தில் மிர்ச்சா ஜேசனின் காதில் ஏதோ சொன்னார்.

"திருடினது மாமனார்தான்னு சொல்றாரு," என்றான் ஜேசன்.

அருள்மேரி எழுந்துபோய் அந்த ருமேனியாக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள். ரமோன் காதைப் பொத்திக்கொண்டு கத்த, வீடே சிரிப்பில் அதிர்ந்தது.