காசிலிங்கத்துக்கு நான் கொடுத்த வரைபடம்

கீழ்புத்துப்பட்டு அகதி முகாமில் காசிலிங்கத்துக்கு அது பதினாறாவது வருடம். தொண்ணூறில் திருகோணமலைப் பக்கத்திலிருந்து படகேறி வந்தவர். விடிவதற்குள் பஸ் பிடித்து மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். பாத்திக்கு வரப்பு கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார் மேஸ்திரி பாவாடை.

"அவரு மிதிச்ச வரப்புல ஒரு சொட்டு கசியாதுங்க. நம்ம ஆளுங்க கட்டுனா காலையில பாத்தி காலியா இருக்குது."

நான் அப்போது புதுச்சேரியில் ஆராய்ச்சி மாணவன். உள்நாட்டுப் போரை வரைபடங்கள் எப்படிக் காட்டுகின்றன என்பது என் தலைப்பு. எல்லைக்கோடு நிலத்தில் கிடப்பதில்லை, எங்கோ மேசையில் உட்கார்ந்தவர் போடுவது. ஓர் ஊரை 'விடுவிக்கப்படாத பகுதி' என்று எழுதிவிட்டால் அங்கே மனிதர் இருப்பது மறந்துபோகும், குண்டு போடுவது சுலபமாகும். இதையெல்லாம் கருத்தரங்குகளில் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தேன். தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

2006 சித்திரையில் அவரைப் பேட்டி காண உப்பளத்துக்குப் போனேன். செய்தித்தாள்களை வைத்து நானே வரைந்த ஒரு திருகோணமலை வரைபடத்தை நீட்டினேன். இராணுவத்தின் பக்கம் பச்சை, புலிகளின் பக்கம் மஞ்சள், நடுவே தடித்த கறுப்புக் கோடு. இதைப் பார்த்து ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்வதுதான் என் ஆய்வு.

கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்துவிட்டுப் பச்சையில் ஓரிடத்தில் விரல் வைத்தார்.

"இது என்ர அக்கான்ர ஊர். தையல்நாயகி எண்டு பேர். அவ கோட்டுக்கு இந்தப் பக்கமோ தம்பி?"

"ஆமாங்க."

"அப்ப பயமில்லையோ?"

"இந்தப் பக்கம் சண்டை இல்லன்னுதான் பேப்பர்ல போட்டிருக்காங்க" என்றேன். என் குறிப்பேட்டில் 'கோட்டை நம்புகிறார்' என்று எழுதினேன். அவருடைய பயம் எனக்கு நல்ல தரவாகப் பட்டது. இன்று நினைத்தாலும் கூசுகிறது. படத்தை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். தாராளமாக என்றேன்.

பதினாறு வருடத்தை வரப்பு கட்டியே கழித்தவர். நல்ல வரப்பென்றால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் அந்தப் பக்கமே நிற்கும். என் கோட்டையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

ஆடியில் சண்டை முற்றியது. ஊர் சனம் மூட்டை கட்டுகிறது, நாங்களும் கிளம்பவா என்று அக்கா போனில் கேட்டிருக்கிறார். இந்தியாவில் இருக்கிற தம்பிக்குச் சேதி கூடுதலாகத் தெரியும் என்று அவருக்கு நம்பிக்கை. காசிலிங்கம் பூத்தில் நின்றபடியே வரைபடத்தை விரித்துப் பார்த்திருக்கிறார். "நீங்கள் இந்தப் பக்கம்தான். வெளிக்கிடாமல் இருங்கோ" என்றிருக்கிறார். மூன்றாம் நாள் ஊரில் பீரங்கி செல் விழுந்தது. அக்காவின் கணவரும் மகளும் போய்விட்டார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்த செல் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் உப்பள வேலை நின்றிருந்த ஒரு நாள் முகாமுக்குப் போனேன். படகேறி, மண்டபம் முகாம் வழியாக வந்து சேர்ந்து பத்து நாளான தையல்நாயகி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். காசிலிங்கம் என்னைப் பார்த்ததும் எழுந்தார். கோபமாக ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் எனக்கும் பாரம் குறைந்திருக்கும்.

"தப்பு என்னோடதுங்க. கோடு போட்டது நான்" என்றேன்.

"நீங்கள் கீறினீங்கள். இரு எண்டு சொன்னது நான்தானே" என்றார்.

தையல்நாயகி முறத்தைக் கீழே வைத்தார். "தம்பி, நீங்கள் படிச்ச ஆள். எந்தப் பக்கம் ஓடியிருந்தால் என்ர பிள்ளை தப்பியிருப்பாள்?"

நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருந்தார். எனக்குத் தெரிந்த கோட்பாடுகளையெல்லாம் மனதில் புரட்டிப் பார்த்தேன்.

"தெரியாதுங்கம்மா" என்றேன். சித்திரையில் அவர் தம்பியிடம் அதைச் சொல்ல எனக்குத் துப்பில்லாமல் போயிற்று.